எழுதி வைத்த ஊர்

மேற்படிப்புக்கு மினியாபொலிஸ் போன இடத்தில்தான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாட்டம் எனக்கு அறிமுகம். நடத்துபவரை டிஎம் என்பார்கள். அவர் களத்தைச் சொல்வார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக, என்ன செய்கிறோம் என்று சொல்வோம். பலிக்குமா இல்லையா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும்.

எங்கள் டிஎம்மிடம் வளையம் போட்ட தடித்த ஃபைல் ஒன்று உண்டு. கட்டம் போட்ட தாளில் பென்சில் குகைகள். எதிரிகளின் உயிர்ப்புள்ளிகளை எழுதி, அழித்து, மறுபடி எழுதி, தாள் அந்த ஓரத்தில் மட்டும் நைந்து, பின்பக்க எழுத்து தெரியும். அவ்வளவு உழைப்பு. ஆனால் மாதங்கள் கழித்து, "அந்தச் சத்திரக்காரர் பெயர் என்ன?" என்று யாராவது கேட்டால் பக்கங்களைப் புரட்டத் தொடங்குவார், ஆட்டம் நின்றுவிடும். கிடைக்காவிட்டால் வாய்க்கு வந்த புதுப் பெயர். நாங்கள் அந்த மனிதரைக் காப்பாற்றிய கதையும் பழைய பெயரோடு காணாமல் போகும். எனக்கு அது உண்மையான இழப்பாகவே இருந்தது.

அதே மினியாபொலிஸ், செயின்ட் பால் வட்டாரத்தில்தான் 1970களின் தொடக்கத்தில் டேவ் ஆர்னெசன் பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டை நண்பர்களோடு ஆடினார். அவரிடமிருந்து குறிப்புகளை வாங்கி, விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவில் இருந்த கேரி கைகாக்ஸ் விரித்து எழுதினார். அதுதான் 1974இல் மூன்று சிறு புத்தகங்களாக வெளிவந்தது. இந்த ஆட்டமே குறிப்பில் பிறந்தது. 1979இல் வந்த டிஎம் கையேட்டில், நாள் கணக்கைச் சரியாக எழுதி வைக்காமல் உருப்படியான தொடர் ஆட்டம் நடக்காது என்று கைகாக்ஸ் பெரிய எழுத்தில் அடித்துச் சொல்கிறார்.

இன்று நடத்துவது நான். பழைய நண்பர்கள் ஆளுக்கொரு ஊரில் இருப்பதால் இணையத்தில் கூடுகிறோம். ஆடுவது 2014இல் வந்த தொடக்கப் பெட்டியின் ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்’. குறிப்பெல்லாம் அப்சிடியன் என்ற குறிப்புச் செயலியில். அதில் ஒரு பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அது இணைப்பாகிவிடும்; சொடுக்கினால் அந்தப் பெயருக்கென்று தனிப் பக்கம் உருவாகும். அந்தப் பக்கத்தைத் திறந்தால், அந்த ஆள் வேறெந்தப் பக்கங்களில் வருகிறான் என்பதையும் காட்டும்.

கதையின் தொடக்கத்தில் யீமிக் என்றொரு கோப்ளின், குட்டிப் பூதம். பிணையாளியைப் பிடித்துவைத்துக்கொண்டு, தன் தலைவனைக் கொன்றால் விடுகிறேன் என்று பேரம் பேசுவான். பெரும்பாலும் சண்டையின் இரண்டு சுற்றில் செத்துப்போகும் சின்னப் பாத்திரம். எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் அவனை உயிரோடு விட்டு, "உனக்கு ஒரு நாள் உதவுவேன்" என்று வாக்கும் கொடுத்தார். அன்றிரவே அதை ஒரே வரியாக எழுதி வைத்தேன். வெகுகாலம் கழித்து வேறொரு குகைக்குத் தயார் செய்யும்போது, யீமிக் பக்கத்தின் அடியில் அந்த வரி நின்றது. அவனை அழைத்து வந்தேன். வாக்குக் கொடுத்தவருக்கே அது மறந்திருந்தது. அந்த வாக்கைக் காப்பாற்ற அன்று அவர் தன் மந்திரவாளையே அடகு வைத்தார். பழைய ஃபைலில் இது நடந்திருக்காது.

ஆனால் இதே கருவியில் மூழ்கிப்போகிறவர்களையும் பார்க்கிறேன். அரசனுக்கு ஏழு தலைமுறை வம்சாவளி, கடவுளர் பட்டியல், ஒவ்வொரு பக்கத்துக்கும் வண்ண வார்ப்புரு. ஆட ஆள் சேர்வதற்குள் மாதங்கள் போய்விடும். நடக்காததை எழுதிக் குவிப்பதைவிட நடந்ததை எழுதுவதே பயன் என்பது என் கட்சி. வரைபடத்தை நான் இன்னும் கட்டத்தாளில் பென்சிலால்தான் போடுகிறேன். கை அதில் வேகமாக ஓடுகிறது. அப்சிடியனை நான் விரும்புவதற்குக் காரணம், கோப்புகள் வெறும் எழுத்தாக என் கணினியிலேயே இருப்பது. நாளை அந்தச் செயலியே இல்லாவிட்டாலும் திறந்து படிக்கலாம்.

நீங்கள் டிஎம்மாக இருந்தால் ஒன்று செய்யுங்கள்: ஆட்டம் முடிந்த இரவே, தூங்கப் போகும்முன், யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதை மட்டுமாவது எழுதிவிடுங்கள்.