மூக்கில் ஈயம், வாலில் கவனம்

கே: ரிமோட் விமானம் கட்ட ஆசை. முதல் விமானமே சாப்வித் கேமலாக இருக்கலாமா?

ப: 1917-ல் பயிற்சி பெற்ற விமானிகளையே தரையில் உருட்டிவிட்ட ஈரடுக்கு இறக்கைப் போர் விமானம் அது. மேலே ஒற்றை இறக்கை வைத்த ட்ரெய்னரில் முதலில் கை பழகுங்கள். ஈரடுக்கு இறக்கை எங்கும் ஓடிவிடாது.

கே: கேமல் என்று ஏன் பெயர்?

ப: விமானிக்கு முன்னால் இரண்டு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகள். அவற்றை மூடிய பகுதி ஒட்டகத்தின் திமில்போலப் புடைத்திருந்தது. மாடலில் துப்பாக்கி பிளாஸ்டிக் குழாயாக இருக்கலாம். திமில் இல்லாவிட்டால் யாரும் மதிக்கமாட்டார்கள்.

கே: கால் பங்கு அளவில் செய்தால் எடையும் கால் பங்குதானே?

ப: அப்படியானால் தூக்க நாலு பேர் வேண்டும்! அசலின் இறக்கை 28 அடி, மாடலில் 7 அடி. ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் எடை 64-ல் ஒரு பங்கு. சுமார் 660 கிலோ அசலுக்குப் பத்து கிலோ மாடல்.

கே: பால்சா மரத்தை இழைத்து இழைத்து எடையைக் குறைத்தேன். இப்போது மூக்கில் ஈயம் வைக்கச் சொல்கிறார்களே, அநியாயமில்லையா?

ப: அநியாயம்தான், வைத்துவிடுங்கள். அசலில் கனத்த எஞ்சின், துப்பாக்கி, பெட்ரோல் டாங்க், விமானி எல்லாம் முன்பக்கமே நெருக்கியடித்தன. அதனால் மூக்கு குட்டை. உங்கள் மோட்டாரோ இலேசு. மூக்கு கனத்தால் விமானம் மந்தமாகப் பறக்கும். வால் கனத்தால் முதல் பறப்பே கடைசி. வாலில் பசையைக்கூடக் கஞ்சத்தனமாகப் பூசுங்கள். அங்கே கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கு சில கிராம் ஈயம் கேட்கும்.

கே: கேமலுக்கும் விளக்கெண்ணெய்க்கும் சம்பந்தம் உண்டாமே?

ப: எஞ்சினுக்கு மசகே அதுதான். புரொப்பல்லரோடு எஞ்சினும் சேர்ந்து சுற்றி, எண்ணெயை வெளியே துப்பும். அதைச் சுவாசித்து விழுங்கிய விமானிகளுக்கு எதிரி வானத்தில் பாதி, வயிற்றில் பாதி என்பார்கள். மாடல்களின் குளோ எஞ்சின் எரிபொருளிலும் அது கலப்பதுண்டு. வாசனை மட்டும்தான், பேதி இல்லை.

கே: திரும்ப இறக்கை ஓர மடிப்பான ஏலெரான் மட்டும் போதாதா?

ப: போதாது. கீழிறங்கிய ஏலெரான் பக்கம் காற்றுத் தடை கூடி, மூக்கை எதிர்த்திசைக்கு இழுக்கும். வாலிலுள்ள ரடரையும் சேர்த்துக் கொடுங்கள்.

கே: அச்சு அசலாகக் கட்டினால் அச்சு அசலாகப் பறக்குமா?

ப: விமானத்தைச் சுருக்கலாம், காற்றைச் சுருக்க முடியுமா? அசல் மணிக்குச் சுமார் 180 கி.மீ. போனது. கண்ணுக்கு அதேபோலத் தெரிய மாடல் 45-ல் மிதக்க வேண்டும். எடை கூடிய மாடல் அந்த வேகத்தில் தொப்பென்று விழும். இறக்கைத் துணியின் தையலை எண்ணுமுன் தராசு முள்ளைப் பாருங்கள்.