கையில டெமியோ, கண்ணுல மெக்லாரன்

வா கண்ணு, இப்புடி உக்காரு. அந்தக் கன்ட்ரோலரைச் சித்த கீழ வெய்யி. அது எங்கயும் ஓடிப் போயிராது. ஓடறதெல்லாம் டிவிக்குள்ளதான்.

கிரான் டூரிஸ்மோ ஆடறயாமா? நல்லது. கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. 1997 கடைசில ஜப்பான்ல வந்துச்சு மொத ஆட்டம். கசுனோரி யமவுச்சிங்கறவரு பண்ணுனது. ஆரம்பத்துல கையில குடுக்கறது 10,000 கிரெடிட்டு. அதை வெச்சுக்கிட்டுப் பெரிய வண்டி எதையும் தொட முடியாது. பழைய வண்டிக் கடைக்குப் போயி, எவனோ ஓட்டித் தேச்ச சின்னக் காரு ஒண்ணு வாங்கி, சண்டே கப்புன்னு ஒரு குட்டிப் பந்தயத்துல ஓட்டி, ஜெயிச்ச காசுல ஒரு சாமான் வாங்கி மாட்டி, மறுக்கா ஓட்டி... அதான் ஆட்டமே. லைசென்ஸ் பரிட்சை வேற வெச்சிருந்தான். ஆர்டிஓ ஆபீஸ்ல எட்டுப் போட்டுட்டு மீசையை முறுக்கிட்டு வந்தவனெல்லாம் அங்க ஃபெயிலாகித் தலையைச் சொறிஞ்சிட்டு நின்னான்.

இப்ப நீ ஆடறது 2022-ல வந்த ஏழாம் நம்பரு ஆட்டம். அதுலயும் கதை பெருசா மாறல. மூணு வண்டியைக் காட்டி ஒண்ணை எடுத்துக்கங்கறான். டொயோட்டா அக்வா, ஹோண்டா ஃபிட், மாஸ்டா டெமியோ. மூணும் ஜப்பான்ல காய்கறி வாங்கவும் புள்ளையைப் பள்ளிக்கொடத்துல வுடவும் வெச்சிருக்கற வண்டி. பாத்ததும் ஒம்பட மூஞ்சி தொங்கிப்போச்சு. ஏன் சாமி, காய்கறி வாங்கறவன் வேகமாப் போகக் கூடாதா?

ஜப்பான்ல 'இனிஷியல் டி'ன்னு ஒரு படக்கதை 1995-ல இருந்து வந்துச்சு. அதுல வர்ற பையன் டோஃபு கடைக்காரரு மவன். அப்பன் வெச்சிருக்கற பழைய டொயோட்டா ட்ரூனோ காருல விடியறதுக்கு முன்னால மலை ஏறி டோஃபு போட்டுட்டு வரோணும். அப்பன் என்ன பண்றான்? வண்டியில ஒரு கப்புல தண்ணி ஊத்தி வெச்சு, சிந்தாம ஓட்டிட்டு வாடாங்கறான். அவ்வளவுதான் கோச்சிங். அந்தப் பையன் மலை எறக்கத்துல பெரிய பெரிய வண்டிக்காரனையெல்லாம் அக்கட்டால தள்ளிட்டுப் போறான். இதுல கூத்து என்னன்னா, அந்தக் கதையைப் படிச்சவனெல்லாம் அதே வண்டிதான் வேணும்னு கெளம்பி, டோஃபு ஏத்துன வண்டிக்கு வெலையை எங்கயோ கொண்டு போயி வெச்சிட்டான். அப்பன் வெச்ச தண்ணிக் கப்பை மட்டும் ஒருத்தனும் வாங்கல. அது ஓசியாச்சே!

ஒனக்கு எங்க கண்ணு போகுதுன்னு எனக்குத் தெரியாதா? லெஜண்டு கார்னு தனியா ஒரு கடை வெச்சிருக்கறான். அங்க மெக்லாரன் எஃப்1 ஒரு கோடி கிரெடிட்டைத் தாண்டிப் போகுது. அதைப் பாத்துப் பெருமூச்சு வுட்டுட்டு, நெசப் பணத்தைக் குடுத்து ஆட்டப் பணம் வாங்கறவன் இருக்கறான் பாரு, அவனைப் பாக்கத்தான் எனக்கு ஆசை. சம்பளத்தைக் குடுத்துப் பொய்க்காசு வாங்கி, அந்தப் பொய்க்காசுல பொய்க்காரு வாங்கி, மொத வளைவுலயே செவுத்துல கொண்டு போயி அடிக்கறான். அடி மட்டும் நெசமா இருந்தா ஒருவேளை புத்தி வந்திருக்கும். 2022 மார்ச்சுல பந்தயப் பரிசைக் கம்பெனிக்காரன் கொறைச்சுப் புட்டான். சனம் கொதிச்சுப் போச்சு. பொறவு மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கு 10 லட்சம் கிரெடிட்டு சும்மா குடுத்துச் சமாதானம் பண்ணுனான். பாடுபட்டு ஓட்டிச் சேத்துனா கூலி கொறையுது, கூச்சல் போட்டா லட்சம் வருது. இதுல நெச ஒலகத்துக்கும் ஆட்டத்துக்கும் ஒண்ணும் வித்தியாசம் இல்ல போ.

செரி, வண்டிக்கு வா. கம்மிக் காசுல எதைப் பாத்து வாங்கறது? நீ குதிரை சக்தியைப் பாக்கற. நான் கனத்தைப் பாப்பேன். நம்ம பக்கம் ரேக்ளாவுக்கு மாடு புடிக்கறவன் சந்தையிலயே பெருத்த மாட்டையா புடிச்சிட்டு வர்றான்? உருண்டு தெரண்டு, கனமில்லாம, சொன்னதும் காலை எடுக்கற மாடாப் பாத்துத்தான புடிக்கறான்?

கணக்காவே சொல்றேன், கேட்டுக்க. 1989-ல வந்த மாஸ்டா ரோட்ஸ்டர்னு ஒரு சின்ன வண்டி. 940 கிலோ, 120 குதிரை. ஒரு குதிரை கிட்டத்தட்ட 7.8 கிலோவை இழுக்கோணும். இப்ப நீ செலவு பண்ணி 12 குதிரை ஏத்தற. ஒரு குதிரைக்கு 7.1 கிலோ ஆகுது. நான் குதிரையைத் தொடல, வண்டியில 94 கிலோவைக் கழட்டறேன். எனக்கும் அதே 7.1-க்குக் கிட்டத்தான் வருது. நேர் ரோட்டுல ரெண்டு பேரும் சமம். பிரேக் புடிக்கற எடத்துல? நீ ஏத்துன 12 குதிரை அங்க என்ன பண்ணும், வேடிக்கை பாக்கும். நான் எறக்குன 94 கிலோ பிரேக்லயும் ஒதவும், வளைவுலயும் ஒதவும், டயரு தேயறதுலயும் ஒதவும். ஒரு செலவு, நாலு வரவு. இதைக் கண்டுபுடிக்க இன்ஜினியரிங் காலேஜுக்குப் போகோணுமா? இங்கிலாந்துல லோட்டஸ் கம்பெனி நடத்துன காலின் சாப்மன் கனத்தைக் கொறைச்சுக் கொறைச்சேதான் பேரு வாங்குனாரு.

ஆனா நீ வாங்கிட்டு வந்திருக்கறது டெமியோ. போகுது, அதுவும் நல்ல வண்டிதான். மொத வேலை, ஆயிலை மாத்து. ஓடுன வண்டிக்குப் பழைய ஆயில் இருந்தா ஆட்டத்துலயும் இன்ஜின் சக்தி கொறையும். டர்போவுக்குக் காசு சேத்தற, ஆயில் மாத்த மாட்டேங்கற. அது ஒரு கவுரவக் கொறைச்சலாட்ட!

அடுத்து டயரு. கூட வர்ற கம்ஃபோர்ட் டயரைக் கழட்டிட்டு ஸ்போர்ட்ஸ் டயரு போடு. நீ எத்தனை குதிரை வாங்கு, எத்தனை பெரிய பிரேக்கு வாங்கு, எல்லாம் தரைக்கு எறங்கறது டயரு தரையைத் தொடற உள்ளங்கையகல எடம் நாலு வழியாத்தான். அந்த நாலு எடத்துல கஞ்சத்தனம் பண்ணிட்டு மேல எதை ஏத்துனாலும் வீண். டயரை மாத்துனா பிபி, அதான் அந்தப் பெர்ஃபார்மன்ஸ் பாயிண்டு கணக்கு, ஏறிரும்னு சொல்லுவ. ஏறட்டும். ஏறறதுக்குக் காரணமே அது வேலை செய்யறதுதான்!

இந்த பிபி கணக்கு இருக்குதே, அதுல ஒரு பெரிய தமாஷ். பந்தயத்துக்கு இத்தனைக்கு மேல இருக்கப்படாதுன்னு வரம்பு வெச்சிருக்கறான். நம்ம பையன் என்ன பண்றான்? காசு குடுத்து வண்டியில கனத்தைக் கொறைக்கறான். இன்ஜினுக்கு டர்போ மாட்டறான். வரம்பு தாண்டிப் போச்சு. ஒடனே கடைக்குத் திரும்பிப் போயி, பாரம் ஏத்தற கல்லு வாங்கி வெக்கறான். இன்ஜினை அமுக்கற சாமானும் ஒண்ணு வாங்கறான். அப்பறம் பாத்தா வண்டி பழைய வண்டிதான், பையில மட்டும் காசு இல்ல. சுண்டைக்கா காப்பணம், சுமைகூலி முக்காப்பணம். சில சாமானை ஒரு தடவை போட்டுட்டா கழட்டவும் முடியாது. அகலமான பாடி மாட்டுனா மாட்டுனதுதான்.

கடையில சாமானை அடுக்கடுக்கா வெச்சிருக்கறான்: ஸ்போர்ட்ஸ், கிளப் ஸ்போர்ட்ஸ், செமி ரேசிங், ரேசிங், எக்ஸ்ட்ரீம். நீ எக்ஸ்ட்ரீமுன்னு பேரு இருந்தாப் போதும், அங்கயே நிப்ப. சின்ன வண்டிக்கு மொத ரெண்டு அடுக்குலயே வேலை முடிஞ்சிரும். அதுலயும் டெமியோ முன்சக்கரம் இழுக்கற வண்டி. இழுக்கறதும் அதே சக்கரம், திரும்பறதும் அதே சக்கரம். ஒரே ஆளுக்கு ரெண்டு வேலை. நீ டர்போவைப் போட்டு இழுக்கற வேலையை ரெண்டு பங்காக்குனா, திரும்பற வேலையை எப்ப பாக்கும்? மூக்கு வெளிய போகுதுன்னு அழுகறயே, வேற எங்க போகும்?

அப்பறம் டெமியோ டீசலு, தெரியுமா ஒனக்கு? ஒன்றரை லிட்டர் டீசல் இன்ஜின். டீசலுக்கு இழுவை கீழயே இருக்குது. முள்ளு செவப்புக்குப் போயி முக்கற வரைக்கும் மிதிச்சிட்டே இருக்காத. சத்தம் வரும், வேகம் வராது. கொஞ்சம் முன்னாலயே அடுத்த கியரைப் போடு.

இனி அந்த செட்டிங் கூத்து. எம்பட பேரன் ஒரு நோட்டு வெச்சிருக்கறான். பரிட்சைக்குக் கூட அப்புடி நோட்டு எழுதுனதில்ல. கேம்பர், டோ, ஆன்ட்டி ரோல் பார், டேம்பர், எல்எஸ்டி, எல்லாத்துக்கும் புள்ளி வெச்சு நம்பர். ஏண்டா, கேம்பர்னா என்னன்னு கேட்டேன். "1.8 தாத்தா"ங்கறான். நான் கேட்டது என்ன, அவன் சொன்னது என்ன! எவனோ ஒருத்தன் ஜெர்மனியில நூர்பர்க்ரிங்ல ஓட்டறதுக்குப் போட்ட கணக்கு அது. அந்த ரோடு காட்டுக்குள்ள 20 கிலோமீட்டருக்கு மேல மேடும் பள்ளமுமாப் போகுது. இவன் ஓட்டறது ஜப்பான்ல சுகுபா. சுத்தி வந்தா ரெண்டு கிலோமீட்டரும் சொச்சமும். அவன் கியரை நீளமா வெச்சிருப்பான், நேர் ரோடு நீளம்ங்கறதால. இவன் அதே கியரைப் போட்டுட்டு ஓட்டறான், கடைசி கியரு வர்றதுக்கு முன்னாலயே வளைவு வந்துருது. வண்டி செரியில்லையாம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.

சுகுபாவையே எடுத்துக்க. பின்பக்க நேர் ரோடு முடிஞ்சதும் கடைசி வளைவு, நீளமா வலது பக்கம் திரும்பிட்டே இருக்கும். நீ அங்க என்ன பண்ற? பயமில்லாதவனாட்டம் உள்ள பாயற. அப்பறம் வண்டி வெளிய வெளிய போக, பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் ஒண்ணாப் போட்டு நசுக்கற. இதுக்கும் கணக்கு இருக்குது. நூறுல திரும்ப வேண்டிய வளைவுல நூத்திப்பத்துல போனா, கூடுனது பத்து சதவீத வேகம். டயரு புடிக்க வேண்டியது கூடறது 21 சதவீதம். அந்த 21 எந்தக் கடையில விக்குது? வளைவுக்கு முன்னாலயே, வண்டி நேரா இருக்கறப்பவே பிரேக்கை முடிச்சிரு. மெதுவா உள்ள போ. பாதி வளைவு தாண்டுனதும், ஸ்டியரிங் நேராக நேராக ஆக்சிலேட்டரைக் கொஞ்சங் கொஞ்சமாக் குடு. முன்னாடி போறவனையெல்லாம் அடுத்த நேர் ரோட்டுல புடிச்சிருவ. இதுக்கு ஒரு கிரெடிட்டு செலவில்ல. அதனாலதான் ஒனக்குப் புடிக்க மாட்டேங்குது.

இன்னொருத்தன் இருக்கறான். தானா பிரேக் புடிச்சுக்கற வசதியைப் போட்டு வெச்சிருக்கறான். தானாத் திரும்பறதும் போட்டாச்சு. அவன் ரேசிங் பிரேக் வாங்கலாமா, கார்பன் பிரேக் வாங்கலாமான்னு ராத்திரியெல்லாம் தூங்காம யோசிக்கறான். ஓட்டறதே மெஷின். அதுக்கு ஏதாச்சும் பிரேக்கு வேணும்னா அது கேக்கட்டும், ஒனக்கெதுக்கு?

செட்டிங்கே வேண்டாங்கறயா தாத்தான்னு கேப்ப. யாரு சொன்னா? நம்பரைத் தொடு. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் தொடு. மொதல்ல கியரு, ரோட்டுக்குத் தகுந்தாப்ல. பிரேக் புடிக்கறப்ப பின்னாடி வாலாட்டுதா, முன்னாடி தேயுதான்னு பாத்து பிரேக் பேலன்ஸைக் கொஞ்சம் நகத்து. வண்டியைத் தரையோட ஒட்டி எறக்கிராத. பாக்க எடுப்பா இருக்கும், வளைவோரக் கட்டையில ஏறுனதும் அடி இடிச்சுத் துள்ளும். மாத்துனதும் அதே ரோட்டுல ரெண்டு மூணு ரவுண்டு ஓட்டு. டைம் டிரையல்ல போனா நீ முன்ன ஓட்டுனதே பேயாட்டம் கண்ணு முன்னால ஓடும். அந்தப் பேயைத் தாண்டுனா மாத்துனது செரி. தாண்டலைன்னா பழைய நம்பருக்கே திரும்பு. அஞ்சு நம்பரை ஒண்ணா மாத்திப் போட்டுட்டு, எது கெடுத்துச்சுன்னு எங்கிட்ட வந்து கேட்டா நான் என்ன கோடாங்கியா?

ஸ்டியரிங், பெடலு, பந்தய சீட்டுன்னு நேத்து ஒரு வெலைப்பட்டியல் நீட்டுன பாரு, அதை ஒங்கப்பனுக்குக் காட்டு. எனக்குக் காட்டாத.

இப்பப் போயி டெமியோவுக்கு ஆயில் மாத்து, டயரைப் போடு, கனத்தை ஒரு அடுக்கு மட்டும் கொறை. மீதிக் காசைத் தொடாம வெய்யி. சண்டே கப்புல நாலு தடவை ஓட்டிட்டு, ரோட்ஸ்டரு பழைய வண்டிக் கடைக்கு வந்திருக்குதான்னு பாரு. இன்னைக்கு இல்லைன்னா பொறுத்துப் பாரு, அந்தக் கடையில சரக்கு மாறிட்டேதான் இருக்கும். பெயிண்டுக் கடைப் பக்கம் மட்டும் இப்பவே போயிராத சாமி. போன தடவை அங்க உள்ள போனவன், வண்டிக்கு ரெண்டு செவப்புல எந்தச் செவப்பு எடுப்புன்னு சோத்துக்கும் வராம உக்காந்திருந்தயே. எனக்கு ரெண்டும் ஒரே செவப்பாத்தான் தெரிஞ்சுது.