மாமிக்கு வழிவிட்ட கதை

கிளித்தட்டில் என்னை நம்பி ஒரு கோட்டைத் தந்தவர்கள் எல்லாரும் பிறகு வருந்தியிருக்கிறார்கள். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை, வருந்தத்தான் வேண்டும். திரியாயில் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுக்கு மாதர் சங்கத்தில் ஆள் பிடித்தபோது என்னைத் தெரிவு செய்ததற்கு ஒரே காரணம் என் அகலம். "நீ சும்மா நிண்டாலே பாதி வழி அடைபடும்" என்றாள் தலைவி. கணக்குச் சரிதான். மீதிப் பாதி வழியை நானே திறந்துவிடுவேன் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

ஆட்டம் தெரியாத இளசுகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். தரையில் நீளமாக ஒரு பெட்டி. நடுவில் நெடுக்காக ஒரு கோடு, குறுக்கே பல கோடுகள். குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் மறிக்கிற அணியில் ஒருத்தி நிற்பாள். அவள் தன் கோட்டை விட்டு விலகக்கூடாது. கிளி என்கிற ஒருத்திக்கு மட்டும் நடுக்கோட்டிலும் சுற்றுக்கோட்டிலும் ஓட உரிமை உண்டு. கிளி கைதட்டியதும் மற்ற அணி தட்டுத் தட்டாக இறங்க வேண்டும். யார் கையும் படாமல் கடைசிக் கோட்டைத் தாண்டும்வரை நீங்கள் காய். தாண்டித் திரும்பி ஏறத் தொடங்கினால் பழம். காயும் பழமும் ஒரே தட்டில் நிற்கக்கூடாது. ஒருத்தி பட்டால் முழு அணியும் வெளியே. யாழ்ப்பாணப் பக்கம் இதையே தாச்சி என்பார்கள். ஊருக்கு ஊர் சட்டம் மாறும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மாறும்.

மகாராட்டிரத்தில் இதன் உறவுக்கார ஆட்டமான ஆட்டியா பாட்டியாவுக்கு அணிக்கு ஒன்பது பேர், அளந்து வைத்த தடம், தேசியச் சம்மேளனம் எல்லாம் உண்டு. கபடி 1990 இல் பீஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே பதக்க ஆட்டமாகிவிட்டது. கிளித்தட்டு மட்டும் இன்னும் எங்கள் கோயில் வெளியில், அடுப்புச் சாம்பல் கோட்டில்தான் கிடக்கிறது. ஆட்டத்துக்கு அது குறை. எனக்கு அது பாதுகாப்பு. என் ஆட்டம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

முதல் தவறு பழக்கத்தால் வந்தது. எதிரணியில் ஒரு மாமி, அறுபது தாண்டியவ. மாமி என்றால் சொந்த மாமி இல்லை, முறைக்கு மாமி. எங்கள் ஊரில் முறை இல்லாத ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். கோட்டை நோக்கி வருகிறவர்கள் எல்லாரும் மாமி, மச்சாள், சின்னம்மா, பெறாமகள். கோயில் வாசலில் கண்டால் ஒதுங்கி நிற்கிறேன், புல்மோட்டை பஸ்ஸில் எழும்பி இடம் கொடுக்கிறேன். அப்படிப்பட்ட ஆளுக்கு முன்னால் திடீரென்று கையை விரித்து எப்படி நிற்பது? மாமி சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டு வந்தா. "பிள்ளை, முழங்கால் நோகுது, கொஞ்சம் விலகு" என்றா. விலகினேன். அடுத்த கணம் மாமி எனக்குப் பின்னால் நின்றா. அந்த முழங்கால் அன்று முழுக்க வேறு எந்தக் கோட்டிலும் நோகவில்லை.

கோட்டில் நிறுத்தினால் ஆபத்து என்று அடுத்த முறை என்னைக் கிளியாக்கினார்கள். கிளிக்கு இரண்டு வேலை: ஓடவும் வேண்டும், எந்தப் பக்கம் ஆள் கழருகிறது என்று பார்க்கவும் வேண்டும். எனக்கு ஓடினால் பார்க்க வராது, பார்த்தால் ஓட வராது. சுற்றுக்கோட்டின் ஒரு மூலையில் மூச்சு வாங்க நின்ற நேரத்தில் எதிரணியில் பாதிப் பேர் பழமாகிவிட்டார்கள். ஒருத்தி போகிற போக்கில் "தண்ணி வேணுமோ அக்கா?" என்று வேறு கேட்டாள். வேண்டும் என்றேன். அவள் கொண்டுவந்தும் தந்தாள். தலைவி அன்று என்னோடு கதைக்கவில்லை.

இறங்குகிற அணியில் இன்னும் மோசம். ஒருநாள் எப்படியோ நான் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பழமானேன். வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். அந்தப் பெருமையோடு ஏறி வரும்போது நடுத்தட்டில் என் மச்சாள் காயாக நின்றுகொண்டிருந்தாள். காலையில் அவள் கேட்ட கச்சான் விதையின் விலை அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டுப் போகலாம் என்று தட்டுக்குள் இறங்கினேன். அதோடு அணி முழுக்க வெளியே.

மூச்சு வளர்க்க மலை ஏறு என்றார்கள். ஊருக்குப் பக்கத்தில்தான் கிரிகண்டு சேய இருக்கிற மலை. உச்சியில் வட்டமாகக் கற்றூண்கள் நடுவே ஒரு தூபி, வழியில் பல்லவக் கிரந்த எழுத்தில் பழைய கல்வெட்டு, மேலே வரைக்கும் கற்படிகள். விடிய வெறுங்காலோடு ஏறத் தொடங்கினால் தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்த யாத்திரிகர்களும் அதே நேரம் ஏறுவார்கள். வெள்ளை உடுத்த ஆச்சிமார், கையில் பூத்தட்டு. ஒவ்வொருவருக்கும் ஒதுங்கி நின்று வழி விட்டேன். பாதிப் படியில் வெயில் ஏறிவிட்டது. திரும்பி இறங்கினேன், இறங்குகிறபோதும் ஒதுங்கித்தான்.

இந்த நிலையில்தான் தங்கையின் மகள் ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் வந்தாள். முழங்கையில் பெரிய நீலக் கண்டல். என்னவென்று பதறினால், "ரோலர் டேர்பி பெரியம்மா" என்றாள், சிரித்துக்கொண்டு. சில்லுச் சப்பாத்து போட்டுக்கொண்டு முட்டை வடிவத் தடத்தில் இரண்டு அணிகள் சுற்றுகிற ஆட்டமாம். அணிக்கு ஐந்து பேர். அதில் ஒருத்தியின் தலைக்கவசத்தில் நட்சத்திரம் இருக்கும், அவள் ஜாமர். மற்ற நால்வரும் மறிப்பவர்கள். ஜாமர் எதிரணிக் கூட்டத்தை ஒருமுறை ஊடுருவி வெளியே வரவேண்டும். அதற்குப் புள்ளி கிடையாது. சுற்றி வந்து மறுபடி நுழையும்போது தாண்டுகிற ஒவ்வொரு எதிரணிக்காரிக்கும் ஒரு புள்ளி. ஒரு சுற்று அதிகம் போனால் இரண்டு நிமிடம். முப்பது நிமிடமாக இரண்டு பாதி.

"இது எங்கட கிளித்தட்டெல்லோ!" என்றேன்.

"ஓம் பெரியம்மா, ஆனா இதில இடிக்கலாம்."

அவள் சொன்ன வரலாறும் நல்ல கதை. 1935 இல் சிக்காகோவில் லியோ செல்ற்சர் என்பவர் ஆணும் பெண்ணுமாகச் சோடி சேர்த்து நாட்கணக்காகச் சுற்றவைத்த ஓட்டத்தில்தான் இது தொடங்கியது. சனம் ஓட்டத்தைவிட ஆட்கள் முட்டி விழுவதைத்தான் ரசிக்கிறது என்று கண்டதும் முட்டுவதற்கே விதி எழுதினார்கள். இடையில் படுத்துவிட்ட ஆட்டத்தை 2001 அளவில் ரெக்சஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரத்தில் பெண்கள் சேர்ந்து எழுப்பினார்கள். முதல் உலகக் கிண்ணம் 2011 இல் ரொறன்ரோவிலேயே நடந்தது. ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். தாங்களே சந்தா கட்டி, மண்டபம் எடுத்து, ரிக்கெற்றும் விற்கிறார்கள். நாங்கள் இடியப்பம் விற்று மைக் செற் வாடகை கட்டுகிறோம். பெரிய வித்தியாசம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது தண்டனைதான். முழங்கையால் இடித்தாலோ முதுகில் தள்ளினாலோ முப்பது விநாடி கதிரையில் போய் இருக்க வேண்டுமாம். ஏழு தண்டனை சேர்ந்தால் ஆட்டத்தை விட்டே வெளியே. அந்தக் கதிரைக்காகவே நான் அந்த ஆட்டத்துக்கு வரத் தயார் என்றேன். "தண்டனை வாங்கிறதுக்கும் ஆரையாவது இடிக்கோணும் பெரியம்மா" என்றாள்.

அங்கே ஒவ்வொருத்தியும் பகிடியாக ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டுதான் ஆடுவார்களாம். எனக்கும் ஒன்று வைக்கச் சொன்னாள். யோசிக்கவே தேவை இருக்கவில்லை. சின்ன வயதில் வேலை செய்யாமல் குந்தியிருக்கும்போது அம்மா கூப்பிட்ட பெயர் இருக்கிறது: இடிச்சபுளி. பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். மறிப்பவளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை, பெயருக்கேற்ற மாதிரி அசையாமல் நின்றாலே போதும் என்றாள். அதுதானே வரவில்லை.

பிறகு பாடம் தொடங்கியது. டேர்பியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் விழத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். முழங்காலில் விழவேண்டும், கைகாலைப் பரப்பாமல் உடம்பைச் சுருக்கவேண்டும், விரலை மடக்கிக்கொள்ளவேண்டும்; இல்லாவிட்டால் பின்னால் வருகிறவளின் சில்லு விரலில் ஏறிவிடும். விழப் பயம் போனால்தான் நின்று மறிக்கத் தைரியம் வரும் என்பது அவர்களின் கணக்கு. நான் வைக்கோல் குவியலில் பழகினேன். விழுவது உடனே வந்துவிட்டது. எழும்புவதற்குப் பக்கத்து வீட்டுப் பொடியனைக் கூப்பிடவேண்டியிருந்தது.

"ஏன் பெரியம்மா எல்லாருக்கும் விலகிறீங்கள்?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. 1985 இல் ஊர் எரிந்து சனம் சிதறியபோது நான் பாலர் வகுப்புப் பிள்ளை. முகாமில் வளர்ந்து, பிறகு திருகோணமலை ரவுணில் ஆரோ ஒருவரின் விறாந்தையில் வளர்ந்து, வீட்டுக்காரர் நடக்க வழிவிட்டு, அவர்கள் பிள்ளைகள் விளையாட முற்றத்தை விட்டு, அவர்கள் படுத்தபிறகு பாய் விரித்துப் பழகியவள் நான். ஓடி விளையாடிய வயதில் விலகப் பழகியவளுக்குக் கோட்டில் நிற்க எப்படி வரும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே தொண்டை அடைத்தது. அந்தப் பக்கம் பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. என் தோல்விக்கு இப்படி ஒரு மரியாதையான காரணம் இருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி.

தேங்காய் கேட்டு வந்த மாமி திண்ணையில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா. "நானும் அந்த முகாமிலதானே இருந்தனான்" என்றா. "தண்ணி பவுசர் வந்தா உன்ர கொம்மாவையும் தள்ளிப்போட்டு முன்னுக்குப் போறது நான்தான்."

பிள்ளை அழுதுகொண்டே சிரித்தாள். என் காரணம் அதோடு முடிந்தது. தேங்காயில் பெரியதாகப் பார்த்து மாமி எடுத்துக்கொண்டு போனா.

இந்தமுறை விளையாட்டு நாள் வந்தது. வயல் வெட்டி முடிந்த காலம், காற்றில் வைக்கோல் தூசி. என்னைக் கடைசிக் கோட்டில் நிறுத்தினார்கள். முன்னால் நிற்பவர்கள் எல்லாரையும் மறித்துவிட்டால் எனக்கு வேலை வராது என்கிற நம்பிக்கையில். வேலை வந்தது. மாமிதான். இடப்பக்கம் போக்குக் காட்டினா. நான் பிள்ளை சொன்னபடி முழங்காலை மடக்கி, பதிந்து நின்றேன். "பிள்ளை, முழங்கால்…" என்று தொடங்கினா. நான் அசையவில்லை. மாமியின் முகத்தில் முதல்முறையாக ஒரு சந்தேகம் வந்தது. சட்டென்று வலப்பக்கம் பாய்ந்தா, நானும் கையை வீசினேன். பட்டது. தோள் பக்கம் சேலைத் தலைப்பில் தெளிவாகப் பட்டது. கஞ்சி போட்ட பருத்தியின் சொரசொரப்பு விரல் நுனியில் தெரிந்தது.

"பட்டது!" என்று எங்கள் அணி கத்தியது.

"படேல்லை" என்றா மாமி. "பிள்ளையாராணை படேல்லை."

டேர்பியில் சில்லுச் சப்பாத்தோடு ஏழு நடுவர்கள்வரை சுற்றி வருவார்களாம். எங்களுக்கு இருந்தது ஊதுகுழலோடு ஒரு பொடியன், அவனும் மாமிக்குப் பேரன் முறை. அவன் புத்திசாலித்தனமாகத் தீர்ப்பை என் பக்கம் தள்ளிவிட்டான். "நீங்கள் சொல்லுங்கோ, பட்டதோ?" மைக்கில் பாட்டுகூட நின்றுவிட்டது. ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. மாமியும் பார்த்தா. பிள்ளையாரில் ஆணையிட்ட கை இன்னும் இறங்கவில்லை. நான் பட்டது என்றால் மாமி பிள்ளையாரிலேயே பொய்ச்சத்தியம் செய்தவ ஆகிவிடுவா. இந்த வயதில் அவவுக்கு அது தேவையா?

"காத்தாக்கும்" என்றேன்.

எங்கள் தலைவி தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே கோட்டில் குந்திவிட்டாள். மாமி பழமாகி, நான் ஒதுங்கி நின்ற பக்கமாகவே ஏறி, ஆட்டத்தையும் முடித்துவைத்தா.

அன்றிரவு பிள்ளைக்கு நடந்ததைச் சொன்னேன். பதில் சொல்லாமல் கனநேரம் நெற்றியைத் தேய்த்தாள். அடுத்தநாள் காலையில் மாமி வீட்டுக்கு வந்தா. கையில் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்ரிக் பேசின். வென்ற அணிக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்களாம், ஒன்று மிஞ்சியதாம், கூடிக் கதைத்து எனக்கே கொடுப்பது என்று முடிவெடுத்தார்களாம். "எங்கட அணியில நீயும் ஒராள்தானே" என்றா. அடுத்த வருசம் என்னை நிறுத்தக்கூடாது என்று எங்கள் சங்கத்தில் கதை அடிபடுகிறதாம். அதைக் கேட்டு மாமிக்கு என்னைவிடக் கவலை. தலைவியோடு தான் கதைக்கிறதாகவும், நான் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனா.

பேசினைத் தலைவி கண்ணில் படாமல் சாமான் அறையில் வைத்திருக்கிறேன். நல்ல பெரிய பேசின், ஒரு கொத்து அரிசி தாராளமாக ஊறப்போடலாம்.