ஓட்டுநர் இருக்கையின் வலது விளிம்பு: தேய்மானமும் திருப்பணியும்

பழைய சொகுசுக் காரின் தோல் இருக்கை எங்கே முதலில் கிழிகிறது என்ற கேள்வியை அறிவுலகம் இன்னும் உரிய தீவிரத்தோடு எடுத்துக்கொள்ளவில்லை. எஞ்சினைப் பற்றி நூல்கள் உண்டு. கியர்பாக்ஸுக்குக் கையேடுகள் உண்டு. மனித உடலும் காரும் நாள்தோறும் உரசிக்கொள்ளும் அந்தக் கதவோர விளிம்பைப் பற்றி, ஒரு சாண் நிலப்பரப்பைப் பற்றி, என் கண்ணில் பட்டவரை தனி நூல் ஒன்றும் இல்லை. 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கும் சென்னையை வைத்துக்கொண்டு நாம் இப்படி இருப்பது அழகல்ல. இக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நீங்காவிட்டால் அடுத்த ஆய்வாளருக்கு வேலை மிச்சமிருக்கும்.

முதலில் ஆய்வெல்லை. எல்லாக் கார்களையும் ஆராய ஒரு பிறவி போதாது என்பதால் 1979இல் வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்ஜே6 மூன்றாம் சீரிஸை எடுத்துக்கொள்கிறேன். இதன் இருக்கைத் தோல் கானலி நிறுவனத்துடையது. 1878இல் லண்டனில் இரண்டு சகோதரர்கள் தொடங்கி, ரோல்ஸ் ராய்ஸ், ஆஸ்டன் மார்ட்டின், ஃபெராரி என்று பெரிய இடங்களுக்கெல்லாம் தோல் கொடுத்து, பிரிட்டன் மக்களவையின் பச்சை பெஞ்சுகளையும் விட்டுவைக்காத நிறுவனம் அது. தவிர, அந்தக் கால ஜாகுவார் வழியில் நின்றுவிடும் என்று பெயர் வாங்கிய வண்டி. நின்ற காரிலிருந்து இறங்கியாக வேண்டும். இறங்கினால் மறுபடி ஏற வேண்டும். இருக்கை ஆய்வுக்கு இதைவிடத் தோதான வண்டி அமையாது.

கண்ட உண்மை இதுதான். முழு எடையையும் மணிக்கணக்கில் தாங்கும் நடுப்பகுதியில் சுருக்கம் விழுகிறது, அவ்வளவே. யாரும் நிம்மதியாக உட்காராத வலது விளிம்பில்தான் நிறம் போய், வெடித்து, தையல் பிரிந்து, கடைசியில் பஞ்சு எட்டிப் பார்க்கிறது. காரில் நுழைபவர் தம் எடையை முதலில் அந்த விளிம்பில் இறக்கி, அங்கிருந்து உள்ளே வழுக்கிச் செல்கிறார். இறங்கும்போது அதே விளிம்பை அழுத்தி, ஒரு திருகு திருகி வெளியே வருகிறார். ஜீன்ஸ் பேன்ட்டின் ரிவெட்டும் பின்பாக்கெட்டில் பருத்த பர்ஸும் இந்தத் திருகலில் அரத்தின் வேலையைச் செய்கின்றன. ஆகவே நம் முதல் முடிபு: இருக்கை உட்காருவதால் தேய்வதில்லை, உட்காரப் போவதாலும் எழுந்துவிடுவதாலும் தேய்கிறது.

இதிலிருந்து ஒரு கிளைமுடிபும் பிறக்கிறது. தனியே கழற்றி வைத்த ஓட்டுநர் இருக்கையைக் காட்டினால் அது எந்த நாட்டில் ஓடியது என்று சொல்லிவிடலாம். வலது விளிம்பு தேய்ந்திருந்தால் பிரிட்டன், இந்தியா, இலங்கை, ஜப்பான் வகையறா. இடது விளிம்பென்றால் ஜெர்மனி, அமெரிக்கா. இரண்டும் தேய்ந்திருந்தால், வண்டி நெடுங்காலம் சுவரை ஒட்டி நிறுத்தப்பட்டு, அதன் ஓட்டுநர் மறுபக்கக் கதவு வழியாகத் தவழ்ந்து வந்திருக்க வேண்டும். பானை ஓட்டை வைத்துக்கொண்டு இதைவிடத் துணிச்சலாகப் பேசியவர்கள் உண்டு.

பின்சீட்டை ஏன் விலக்கினாய் என்று தேர்வாளர்கள் கேட்கக்கூடும். அங்கே தேய்மானம் குறைவு. ஆனால் வரலாறு உண்டு. மோட்டார் கார்களின் ஆரம்பக் காலத்தில் தோல் என்பது முதலாளிக்கான பொருளே அல்ல. கூரையில்லாத முன்பகுதியில் மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்திருந்த ஓட்டுநருக்குத்தான் தோல். துடைத்துவிட்டால் போதும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த எசமானுக்கு மெத்தென்ற கம்பளித் துணி. இந்த மரபு சாகவில்லை. 2002இல் எலிசபெத் அரசியின் பொன்விழாவுக்காகப் பெண்ட்லி செய்துகொடுத்த அரசுக் காரில் பின் இருக்கைக்கு ஆட்டுக்குட்டி ரோமத் துணி. மற்ற இடங்களுக்கு வெளிர் சாம்பல் நிறக் கானலி தோல். அரசி துணியில், ஓட்டுநர் தோலில். (அதே 2002இல் கானலி தன் தோல் ஆலையை மூடியது. இரண்டுக்கும் தொடர்புண்டு என்று நான் சொல்லவில்லை. ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தால் கனமாக இருக்கும்.) ஜப்பானின் பெரிய மனிதர்கள் போகும் டொயோட்டா செஞ்சுரியிலும் கம்பளிக்குத்தான் மதிப்பு, தோல் கிறீச்சிடும், கம்பளி வாய் திறக்காது. நம் அதிகாரிகள் அம்பாசடர் பின்சீட்டில் வெள்ளை டர்க்கி டவல் விரித்துக்கொண்டதும் இதே மரபின் கிளையே என்று துணிகிறேன். வியர்வைக்காக என்று விளக்கம் சொல்வோர் சமூகவியல் அறியாதவர்கள்.

முதலாளி தானே ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் தோல் சொகுசாயிற்று. ஓட்டுநரின் இடத்துக்கு வந்தவரிடம் ஓட்டுநரின் தேய்மானமும் வந்து சேர்ந்தது.

இனி உடற்கூறு. இருக்கையைத் தடவிப் பார்த்து, “என்ன தோல்!” என்று சிலாகிப்பவர் தடவுவது பெரும்பாலும் தோலை அல்ல, பெயிண்டை. சுமார் 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள மாட்டுத்தோலின்மேல் நிறமிப் பூச்சும், அதற்குமேல் காப்புப் பூச்சும் உண்டு. பழைய கானலி தோலில் இது செல்லுலோஸ் லாக்கர் வகை. தோல் வளையும் அளவுக்கு லாக்கர் வளையாது. வெயிலில் காயக் காய இன்னும் விறைக்கும். சீட் வெடித்துவிட்டது என்று நாம் அலறும்போது பல சமயம் வெடித்திருப்பது பூச்சு மட்டுமே. இன்னொரு ரகசியம்: ஜாகுவாரில் உடல் படும் பக்கம்தான் தோல். பக்கவாட்டிலும் முதுகுப்புறத்திலும் வினைல், நம் வழக்கில் ரெக்ஸின். காலம் போனபின் பார்த்தால் அசல் வெடித்துக் கிடக்கும், போலி கீறலின்றிச் சிரிக்கும். மெர்சிடிஸின் எம்பி-டெக்ஸ் செயற்கைத் தோலும் இப்படித்தான். வண்டி துருப்பிடித்து உதிர்ந்த பின்னும் இருக்கை தான் இன்னும் ஷோரூமில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். தேயாததால்தான் அதற்கு மரியாதை இல்லை.

சைவ சித்தாந்தம் உயிராகிய பசுவை மூன்று மலங்கள் மறைத்திருப்பதாகக் கூறும். கார் இருக்கையில் பசு உவமை அல்ல. இங்கும் மலங்கள் மூன்று: வியர்வையும் தலையெண்ணெயும் கலந்த அழுக்கு, முன்னாள் உரிமையாளர் அன்போடு தேய்த்த பாலிஷ், வெடித்த பூச்சு. (ரோல்ஸ் ராய்ஸ் காளைத் தோலையே விரும்புகிறது, கன்று ஈன்ற பசுவின் தோலில் வரிகள் விழுந்துவிடுமாம். சித்தாந்திகள் இதற்கு உரை காண வேண்டும்.)

மலநீக்கம் குறித்துப் பிறர் கொள்கைகளை மறுக்கும் பரபக்கம் இனி வருவது. தோலுக்கு உணவூட்ட வேண்டும் என்பார் போஷணவாதிகள். செத்த மாட்டுக்கு உணவு படைப்பது திதி என்ற அளவில் ஏற்கத்தக்கது, செரிமானம் நடக்காது. இவர்களுள் தீவிரமானவர்கள் மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயைப் பூசுகிறார்கள். மாட்டுக் காலும் மாட்டுத் தோலும் இப்படி மீண்டும் ஒன்றுசேர்வது உருக்கமான காட்சிதான். ஆனால் பூச்சு முழுதாக இருந்தால் எண்ணெய் உள்ளே போகாமல் மேலே நின்று தூசி சேர்க்கும். பூச்சு வெடித்திருந்தால் உள்ளே போய், பின்னால் அடிக்கும் நிறத்தை ஒட்டவிடாது. சோதிக்க எளிய வழி ஒரு சொட்டுத் தண்ணீர். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது, உறிஞ்சினால் தோல் வெறுமையாக இருக்கிறது. குதிரைச் சேணத்துக்கு எண்ணெய் நல்லது. ஜாகுவார் குதிரை அல்ல. தேய்மானமே வரலாறு, அதைத் தொடாதே என்பார் யதாஸ்திதிவாதிகள். இவர்களை மறுப்பது கடினம், பின்பற்றச் செலவும் இல்லை. ஆனால் கிழிசலில் விரல் விட்டுப் பஞ்சைப் பிய்க்கும் குழந்தை வீட்டில் இருந்தால் இக்கொள்கை ஒரு வாரம் நிற்காது. முழுவதும் புதுத்தோல் போட்டுவிடு என்பார் மூன்றாமவர். பணமுள்ளவர்களோடு ஆய்வாளன் வாதிடுவதில்லை.

நம் கொள்கையாகிய சுபக்கத்தில் முதல் வேலை தோலின் அடியில். விளிம்புக்குள் இருக்கும் ஃபோம் நொறுங்கித் தூளாகியிருந்தால் மேலே எத்தனை நிறம் அடித்தாலும் ஆதாரமில்லாத தோல் மடிந்து மடிந்து அதே கோட்டில் வெடிக்கும். உறையை அவிழ்த்து ஃபோமை மாற்றுவதே யோக்கியமான வழி. அடுத்து மிதமான தோல் கிளீனரும் மென்மையான பிரஷ்ஷும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு கூடாது. நுரை பழுப்பாக வரும். அதைப் பார்ப்பதில் ஒரு கேவலமான ஆனந்தம் இருப்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி. பழைய லாக்கராக இருந்தால் தின்னரில் கரைந்து துணியில் நிறம் ஏறும். அந்த வேலையைச் சிறுசிறு இடமாக, சட்டென்று முடிக்க வேண்டும், தின்னர் தோலையும் உலர்த்திவிடும் என்பதால். பிறகு 600ஆம் எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, வெடிப்புகளில் வளையும் தன்மையுள்ள ஃபில்லரை மெல்லிய பூச்சுகளாக இட்டு, காயவைத்து, மறுபடி தேய்க்க வேண்டும். கிழிசல் என்றால் உள்பக்கம் துணி ஒட்டு கொடுத்து, விளிம்புகளைச் சேர்த்து, காய்ந்தபின் வளையக்கூடிய பசையால் ஒட்டலாம். ஃபெவிக்விக் வேண்டாம். அது கல்லாகி, பக்கத்தில் புதிதாகக் கிழிக்கும்.

நிறம் அடிப்பதில் அவசரக்காரன் தோற்பான். தண்ணீரில் கலந்த நிறமியை ஸ்பாஞ்சால் ஒற்றி, பின் ஸ்பிரேயில் பனிபோல மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றையும் ஹேர் டிரையரால் உலர்த்தி அடிக்க வேண்டும். கடைசியாக மங்கல் காப்புப் பூச்சு, அதில் உறுதிக்கு கிராஸ்லிங்கர். அதுவே கும்பாபிஷேகம். இருக்கை பளபளத்தால் ஒன்று பிசுக்கு போகவில்லை, அல்லது வேலை செய்தவர் புதியவர்.

ஆனால் எந்த நிறம்? ஜாகுவாரின் மக்னோலியா என்ற நிறம் வெள்ளையும் அல்ல, சந்தனமும் அல்ல. வெயிலே படாத மடிப்பில், ஹெட்ரெஸ்டின் அடியில், அசல் நிறம் ஒளிந்திருக்கும். அதற்கு இணையாக விளிம்பை அடித்தால் மீதி இருக்கை மங்கித் தெரியும். இருக்கை முழுவதையும் அடித்தால் பக்கத்து இருக்கை கிழடாகும். அதையும் அடித்தால் கதவு. விளிம்பில் தொடங்கிய திருப்பணி ராஜகோபுரம் வரை போய்விடும். எங்கே நிறுத்துவது என்பதற்குச் சாத்திரம் இல்லை; வீட்டில் உள்ளவர்கள் நிறுத்துவார்கள்.

திருப்பணி எத்தனை காலம் தாங்கும் என்பது நீங்கள் ஏறும் விதத்தைப் பொறுத்தது. விளிம்பைத் தாண்டி நேராக நடுவில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே எடுங்கள். பர்ஸைச் சட்டைப்பைக்கு மாற்றுங்கள்.

பழைய ஜாகுவார் வாங்கப் போகும் வாசகருக்கு ஒரு வார்த்தை: ஓடோமீட்டரை நம்பாதீர்கள், வலது விளிம்பைப் பாருங்கள். விளிம்பு புதிதாகவும் பிரேக் பெடலின் ரப்பர் மொழுக்கையாகவும் இருந்தால், விற்பவர் இக்கட்டுரையைப் படித்திருக்கிறார். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.