மெஷின் வைத்தியர்

வின்டேஜ் குவார்ட்ஸ் க்ரோனோகிராஃப் வாட்சுகளை, அதாவது செல்லில் ஓடி ஸ்டாப்வாட்சாகவும் வேலை செய்யும் பழைய வாட்சுகளை, சேகரிப்பவரிடம் கேட்கவே கூடாத கேள்வி, ‘சார், மணி என்ன?’ என்பது. மணியைத் தவிர மற்றதெல்லாம் சொல்வார். டயலுக்குள் இருக்கும் குட்டி வட்டங்களில் எது எதை எண்ணும், ஓரத்துப் பட்டன்களில் எதை எப்போது அழுத்த வேண்டும், சீகோ வாட்சின் பின்மூடியில் பொறித்த எண்ணின் முதல் இலக்கம் வருடத்தையும் அடுத்தது மாதத்தையும் எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் பிடிக்க வேண்டிய பஸ் போயிருக்கும். நேரத்தின் மேல் இந்த மனிதருக்குப் பித்து என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. ஊர் போடுவது தப்புக்கணக்கு. இவருக்கும் நேரத்துக்கும் அப்படியொன்றும் ஒட்டுறவு கிடையாது. பிடித்திருப்பது வேறு வியாதி: தான் கைவைக்காவிட்டால் செத்துப்போகும் என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் ஏதாவது ஒரு பொருள் வேண்டும் என்கிற வியாதி.

முதல் சாட்சி அவருடைய பெட்டி. மாதத்துக்குப் பதினைந்து வினாடிக்கு மேல் தவறாத ஜாதி வாட்சுகள் அதில் வரிசையாகப் படுத்திருக்கின்றன, அத்தனையும் நின்றுபோய். பழுதாகி நிற்கவில்லை, இவரே செல்லைக் கழற்றி வைத்திருக்கிறார். காரணம் நியாயமானதுதான். தீர்ந்துபோன செல் உள்ளேயே கிடந்தால் கசியும், கசிந்தது சர்க்யூட்டை அரிக்கும், அந்தச் சர்க்யூட்டை இன்று யாரும் செய்வதில்லை. ஆக, தெருவிலேயே துல்லியமான வாட்சுகளை அதிகம் வைத்திருப்பவர், மணி பார்க்கச் செல்போனை எடுக்கிறார். இரண்டாவது சாட்சி, அவர் அளக்கும் சமாசாரங்கள். கையில் கட்டியிருப்பது வினாடியை இருபது கூறு போடும் கருவி. முகூர்த்தத்துக்கு அவர் வந்து சேருவது பந்தி ஆரம்பித்த பிறகு. சமையலறையில் உதவலாம் என்று பார்த்தால், அங்கே காலத்தை அளப்பது குக்கர். அது வினாடியை அறியாது, விசிலைத்தான் அறியும். மூன்று விசிலுக்கு எதிராக எந்த ஜப்பானியக் கருவியும் இதுவரை ஜெயித்ததில்லை. டயலைச் சுற்றி டாக்கிமீட்டர் என்று ஓர் அளவுகோல் இருக்கும். ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஆகும் வினாடியை வைத்து வேகத்தைச் சொல்வது அதன் வேலை. பெரும்பாலான வாட்சுகளில் அது அறுபது கிலோமீட்டரில்தான் தொடங்குகிறது. அண்ணா சாலையின் மாலை நேரத்து வேகம் அந்த அளவுகோலிலேயே கிடையாது.

இந்த வியாதிக்கு இயந்திர வாட்ச் போதாதா, சாவி கொடுத்துக் கொஞ்சலாமே, குவார்ட்ஸ் எதற்கு என்று கேட்கலாம். அங்கேதான் இவருடைய நுட்பம் இருக்கிறது. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீகோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. பெயர் அஸ்ட்ரான், விலை 4,50,000 யென். அந்தப் பணத்துக்கு அப்போது ஒரு கார் வாங்கலாம். சாவி கொடுக்க வேண்டாம், சர்வீஸ் வேண்டாம், செல் தீர்ந்தால் மாற்று, அவ்வளவுதான் என்பது குவார்ட்ஸ் உலகத்துக்குச் சொன்ன சேதி. விலை இறங்க இறங்க அந்தச் சேதி ஊரெல்லாம் பரவியது. 1970இல் சுமார் தொண்ணூறாயிரம் பேருக்குச் சோறு போட்ட ஸ்விஸ் கடிகாரத் தொழில் எண்பதுகளின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம் பேராகச் சுருங்கியது. மனிதக் கை தேவையில்லை என்று சொல்லிக்கொண்டு வந்த கருவி, பழுது பார்க்கும் கைகளை ஒழித்துவிட்டு, நாற்பது வருடம் கழித்துத் தானே நோயில் விழுந்து வைத்தியரைத் தேடுகிறது. வைத்தியர்கள் இல்லை. இயந்திர வாட்சுக்கு இன்றும் மெக்கானிக் உண்டு, மரியாதையும் உண்டு. குவார்ட்ஸுக்கு நாதியில்லை. நாதியற்றதைத் தேடிப் போனால்தானே நாதியாக இருக்க முடியும்?

தேடலிலும் அவருக்குத் தேர்வு உண்டு. பிளாஸ்டிக் மெஷின் போட்ட பிற்கால வாட்சை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பழுதானால் தூக்கிப் போட்டு வேறு மெஷின் வைப்பதற்காகவே பிறந்தது அது, அதனிடம் இவருக்கு என்ன வேலை? அவர் உயிரை வைத்திருப்பது சீகோ 7ஏ28 மேல். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த, முள் வைத்த முதல் குவார்ட்ஸ் க்ரோனோகிராஃப் அது. உலோக மெஷின், பதினைந்து கல், நான்கு குட்டி மோட்டார்கள், எல்லாமே திருகு கழற்றித் திறக்கக்கூடியவை. இனிமேல் யாரும் திறக்க வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டே, திறக்கத் தோதாக அதைச் செய்த பொறியாளர்களுக்கு மனசுக்குள் ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். (தன் வாக்குறுதியைத் தானே முழுக்க நம்பாத கம்பெனியை நம்பலாம் என்பது என் கட்சி.)

இதெல்லாம் வெறும் பகட்டு என்பவர்கள் உண்டு. பகட்டுக்காரன் எதிரிலிருப்பவன் ஒரே பார்வையில் விலை மதிக்கக்கூடிய வாட்சைக் கட்டுவான். நம் ஆசாமியோ, முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரை வரைந்த ஜியுஜாரோ வடிவமைத்த 7ஏ28ஐக் கட்டிக்கொண்டு போகிறார். 1986இல் ‘ஏலியன்ஸ்’ படத்தில் சிகோர்னி வீவர் கட்டியிருந்த அதே மாடல். பட்டன்களுக்கென்று பக்கத்தில் ஒரு பெட்டியே புடைத்துக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள் அக்கறையோடு, ‘பி.பி. பார்க்கிற மெஷினா சார்?’ என்று விசாரிக்கிறார்கள். பகட்டுக்கு இந்த வரவேற்பு கட்டுப்படியாகாது. முதலீடு என்ற வாதமும் நிற்காது. ரிப்பேருக்குக் கொட்டியதைக் கூட்டினால் வாட்சின் விலையைத் தாண்டிவிடும், அதனால் அவர் கூட்டுவதில்லை. மிச்சம் இருப்பது மலரும் நினைவு. இதில் கொஞ்சம் சத்து இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த மாமாவின் கையிலும் பர்மா பஜார் கண்ணாடிப் பெட்டியிலும் சீகோவைப் பார்த்து ஏங்கிய ஒரு தலைமுறை நம்மிடையே உண்டுதான். ஆனால் ஏக்கம் தீர ஒரு வாட்ச் போதும், அதுவும் ஓடுகிற வாட்ச். இவர் ஓடாததாகப் பார்த்து வாங்குகிறார். விற்பவர் ‘நல்லா ஓடுது சார்’ என்றால் முகம் வாடுகிறது.

நோய் எவ்வளவு முற்றியது என்பதற்கு முள்ளின் ஒளிப்பூச்சு ஒன்றே போதும். 1984 முதல் பிரிட்டிஷ் விமானப்படை தன் ஆட்களுக்குக் கொடுத்த 7ஏ28 டயலில் வட்டத்துக்குள் ஒரு ‘பி’ இருக்கும். புரோமீத்தியம் பூசியது என்று அர்த்தம். இருட்டில் ஒளிரச் செய்யும் கதிர்வீச்சு அதிலிருந்துதான் வருகிறது. சுமார் 2.6 வருடத்துக்கு ஒருமுறை அதன் கதிர்வீச்சு பாதியாகிவிடும். நாற்பது வருடத்தில் பதினைந்து முறை பாதியானால் மிஞ்சுவது 32,768இல் ஒரு பங்கு. குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு அதிர்வதும் அதே 32,768 முறை. இந்தத் தற்செயலை அவரிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது, அப்புறம் அன்று இரவு வீட்டில் யாரும் தூங்க முடியாது. புதுப் பூச்சுப் பூசினால் டயல் மறுபடி ஒளிரும். பூச மாட்டார், ஒரிஜினல் கெட்டுவிடுமாம். இருட்டில் டயலைப் பார்க்க டார்ச் அடிக்கிறார்.

கடைசி ஆட்சேபம் வீட்டிலிருந்து வருகிறது, அதுதான் வலுவானதும். பழுது பார்ப்பதில் இவ்வளவு ஆர்வம் என்றால் குளியலறைக் குழாய் ஏன் இன்னும் சொட்டுகிறது? மேலோட்டமாகப் பார்த்தால் இந்தக் கேள்வியோடு என் வாதம் விழுந்துவிட வேண்டும். விழவில்லை. குழாய்க்குப் பிளம்பர் இருக்கிறார். குழாய் யாரிடமும் சரியாகிவிடும். வாட்ச் கதை அப்படியல்ல. கடைக்காரர் புது செல்லைப் போட்டுப் பார்த்துவிட்டு, ‘மெஷின் போயிடுச்சு சார்’ என்று கையை விரித்த வாட்ச் அது. பல சீகோ க்ரோனோகிராஃப்களில் செல் மாற்றியதும் ‘ஏசி’ என்று குறித்த புள்ளியையும் செல்லின் மேல்புறத்தையும் சாமணத்தால் சில வினாடி சேர்த்துத் தொட வேண்டும். தொடாவிட்டால் முள் மக்கர் பண்ணும். நம்மவர் தொடுகிறார். முள் துடித்து எழுகிறது. அந்த நிமிஷத்தில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் குழாயைப் பற்றி மறுபடி பேச மாட்டார்கள். எழாவிட்டால் இன்னும் விசேஷம்: தலைமுடியை விட மெல்லிய காயில் கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று மல்டிமீட்டரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். கம்பியும் கைகொடுக்காவிட்டால், உதிரிபாகத்துக்காக அதே மாடலில் இன்னொரு செத்த வாட்சை வரவழைப்பார். டோனர் என்று அதற்குப் பெயர். வந்த டோனரைத் திறந்து பார்த்தால், வாங்கி வைத்திருப்பதை விட அது நல்ல நிலையில் இருக்கும். அதைப் பிய்க்க மனசு வராது. துடைத்து, எண்ணெய் போட்டு, செல்லைக் கழற்றிப் பெட்டியில் படுக்க வைத்துவிட்டு, இரண்டுக்குமாகச் சேர்த்து ஒரு டோனர் தேட ஆரம்பிப்பார்.