நாலு சில்லு இழுவை

வெள்ளவத்தையில் பழைய மிட்சுபிஷி ஜீப் வைத்திருப்பவர் காட்டுக்குப் போகத் தேவையில்லை. ஒரு மணித்தியாலம் மழை அடித்துப் பெய்தால் ஆறும் சேறும் ஒழுங்கைக்கே வந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் ஜீப் ஸ்டார்ட் ஆகாது.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குத் தடை நீங்க 2025 பெப்ரவரி ஆனது. அந்த இடைவெளியில் துருவுக்கும் விலை ஏறியது. கொட்டாஞ்சேனைக் கொல்லையில் கோழி அடைத்த ஜீப்புக்கும் மாப்பிள்ளை மவுசு.

சொந்தக்காரரிடம் சுகம் விசாரித்துவிடாதீர்கள். 2,659 சீசீ டீசல் எஞ்சின், லோ கியர், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் என்று ஒப்புவிப்பார். அந்த ஸ்பிரிங்கின் குணம் அவரைவிட அவர் மனைவியின் முதுகுக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமைகளில் அவர் பஞ்சிகாவத்தையில் நிற்பார். அங்கே கிடைக்காத பாட்ஸ் இல்லை. இரவு களவுபோன பக்கக் கண்ணாடியைக் காலையில் அங்கேயே வாங்கலாம் என்பது கொழும்பாரின் பழைய பகிடி.

எப்போதாவது நக்கிள்ஸ் மலைப்பக்கம், மீமுரேக்குப் புறப்படுவார். ஏற்றத்தில் நாலு சில்லும் உறுமிக்கொண்டிருக்க, ஊர்க்காரரின் மூன்று சில்லு ஆட்டோ ஹோர்ன் அடித்து முந்திப் போகும்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: ஜீப்பின் வயதைக் கேட்காதீர்கள். அதைத் திருத்துகிற பாஸின் வயதைக் கேளுங்கள். அவருக்குப் பிறகு அதைத் திருத்த ஆள் இல்லை.