கால் நாள் செய்த கலாட்டா

1904 பிப்ரவரி 29. மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்து ருக்மிணி என்று பெயர் பெறுகிறது. அதே நாளில் குஜராத்தி பேசும் எட்டு வயதுப் பையன் ஒருவனுக்குப் பிறந்ததிலிருந்து முதன்முறையாகப் பிறந்தநாள் வருகிறது. அவன் பெயர் மொரார்ஜி. 73 வருஷம் கழித்து, 1977இல், பையன் பாரதப் பிரதமர். பெண் குழந்தை கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். "குடியரசுத் தலைவர் ஆகிறீர்களா?" என்று பிரதமர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டார் அம்மையார்.

பிப்ரவரி 29 எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பார்த்தால், அந்த வருஷம் பிரதமருக்கு வயது 19, அம்மையாருக்கு 18. நாட்டில் ஓட்டுப் போடும் வயது அப்போது 21. ஓட்டே இல்லாத ஒரு சின்னப் பையன் ஓட்டே இல்லாத ஒரு பெண்ணுக்கு ராஷ்டிரபதி பவனை நீட்டியிருக்கிறான்.

இதில் இடிக்கிற விஷயம் ஒன்று உண்டு. மொரார்ஜி பிறந்தது 1896 பிப்ரவரி 29. நாலு வருஷத்துக்கு ஒருமுறை என்பதுதான் கணக்கென்றால் 1900இல், நாலு வயதிலேயே, பாயசம் கிடைத்திருக்க வேண்டும். எட்டு வயது வரை ஏன் காத்திருந்தார்? அந்த 1900ஆம் வருஷத்துப் பிப்ரவரி 29ஐ விழுங்கியது யார்?

விழுங்கியவர் ஒரு போப்பாண்டவர். ஆனால் மூலகாரணம் அவர் அல்ல, சூரியன். பூமி சூரியனை ஒருமுறை சுற்றிவர 365 நாள் எடுத்துக்கொண்டு மரியாதையாக நின்றிருந்தால் உலகத்தில் பாதித் தலைவலி இருந்திருக்காது. மேற்கொண்டு கிட்டத்தட்ட ஒரு கால் நாள் இழுக்கிறது. அந்தக் கால் நாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டாயிரம் வருஷமாக ராஜாக்களும் பூசாரிகளும் முழித்த கதைதான் காலண்டரின் கதை.

பழைய ரோமாபுரியில் வருஷத்துக்கு 355 நாள். மிச்சத்தைச் சரிக்கட்ட அவ்வப்போது ஒரு மாதத்தை நடுவே செருகுவார்கள். எப்போது செருகுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் பூசாரிகள் சபைக்கு. பூசாரிகள் என்றால் விபூதி மடித்துக் கொடுக்கிறவர்கள் என்று நினைக்க வேண்டாம், அத்தனை பேரும் அரசியல்வாதிகள். வேண்டியவன் பதவியில் இருந்தால் வருஷத்தை நீட்டுவார்கள், வேண்டாதவன் இருந்தால் சுருக்குவார்கள். நம் ஊரில் பதவிக்காலத்தை நீட்டிக்க அவசரச் சட்டம் வேண்டும். அங்கே ஒரு மாதத்தையே கூடுதலாகப் படைத்துவிட்டால் போதும்.

அந்தச் சபைக்குத் தலைமைப் பூசாரி ஜூலியஸ் சீசர். அவரோ பிரான்ஸ் பக்கம் போர், பிறகு உள்நாட்டுப் போர், பிறகு எகிப்தில் கிளியோபாட்ரா என்று மூச்சுவிடாத அலுவல்களில் இருந்தார். மாதம் செருக நேரமில்லை. ஊர் திரும்பிப் பார்த்தால் காலண்டர் பருவத்திலிருந்து மூன்று மாதம் விலகி நிற்கிறது. அறுப்புத் திருவிழா வந்துவிட்டது, பயிர் வரவில்லை. அலெக்சாந்திரியாவின் சோசிஜெனிஸ் என்ற வானியல்காரரிடம் யோசனை கேட்டு, கி.மு. 46ஆம் வருஷத்துக்கு மட்டும் 445 நாள் என்று சீசர் அறிவித்தார். மனித வரலாற்றின் மிக நீண்ட வருஷம் அதுதான். மாதச் சம்பளக்காரர்கள் கொண்டாடியிருப்பார்கள். வருஷ வட்டிக்கு விட்டவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ரோமாபுரிப் பேச்சாளர் சிசரோவுக்குச் சீசரைக் கண்டாலே ஆகாது. லைரா நட்சத்திரக் கூட்டம் நாளை உதிக்கும் என்று யாரோ சொன்னபோது, ஆமாம், அரசாணைப்படி என்றாராம் அவர்.

அடுத்த ஜனவரி முதல் மூன்று வருஷத்துக்கு 365 நாள், நாலாவது வருஷத்துக்கு 366. கூடுதல் நாள் பிப்ரவரி 29 என்று நாம் நினைக்கிறோம். ரோமர்கள் பிப்ரவரி 24ஐ இரண்டு முறை நடத்தினார்கள். ஒரே படம், ஒரே தேதி, இரண்டு காட்சி. பிப்ரவரி ஏன் பலிகடா என்றால், ஆதியில் அதுதான் கடைசி மாதம், வருஷம் மார்ச்சில் பிறந்தது. அதனால்தான் ஏழு என்று பொருள்படும் செப்டம்பர் ஒன்பதாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சப்தம், அஷ்டம், நவம், தசம் என்று சொல்லிப் பாருங்கள்; செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் வரிசையாக வந்து நிற்கும்.

சீசர் கத்திக்குத்தில் போனபிறகு பூசாரிகள் மறுபடி கைவரிசை காட்டினார்கள். இந்த முறை ஊழல் அல்ல, கணக்குப்பிழை. நாம் பதினாறாம் நாள் காரியத்துக்கு இறந்த நாளையும் சேர்த்து எண்ணுகிறோம் அல்லவா, ரோமர்களுக்கும் அதே பழக்கம். "நாலாவது வருஷம்" என்றதும், போன லீப் வருஷத்தையும் சேர்த்து எண்ணி, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நாளைக் கூட்டினார்கள். இது 36 வருஷம் நடந்தது. ஒருவர்கூடக் கைதூக்கவில்லை. அகஸ்டஸ் கண்டுபிடித்து, கணக்கு நேராகும் வரை லீப் வருஷமே கிடையாது என்று நிறுத்திவைத்தார். ஆறாவது மாதம் என்று பொருள்படும் செக்ஸ்டிலிஸ் அவர் பெயரில் ஆகஸ்டாக மாறியது. ஜூலைக்கு 31 நாள், எனக்கு மட்டும் குறைவா என்று கேட்டுப் பிப்ரவரியிடமிருந்து ஒரு நாளை அவர் பிடுங்கினார் என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். சுத்தக் கட்டுக்கதை. சீசர் திருத்தியபோதே அந்த மாதத்துக்கு 31 நாள் கொடுத்தாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டு வாத்தியார் ஒருவர் கிளப்பிய புரளி, வாத்தியார் வாத்தியாராகக் கைமாறி நம் வகுப்பு வரைக்கும் வந்திருக்கிறது.

சரி, 365¼ என்று கணக்கு முடிந்ததா? முடியவில்லை. உண்மையில் கால் நாளுக்குப் பதினோரு நிமிஷம் குறைவு. பதினோரு நிமிஷத்தில் என்ன கெட்டுப்போகும், தேநீர் குடிக்கிற நேரம். ஆனால் 128 வருஷம் தேநீர் குடித்தால் ஒரு நாள் போய்விடும். பதினாறாம் நூற்றாண்டில் மார்ச் 21இல் வரவேண்டிய சமஇரவு நாள் மார்ச் 11இல் வந்து நின்றது. ஈஸ்டர் தேதி அந்த நாளைப் பிடித்துத்தான் கணிக்கப்படுகிறது. தவறான நாளில் நோன்பிருந்தால் புண்ணியம் வரவில் ஏறுமா என்று வாத்திகனுக்கு வயிறு கலங்கியது.

வழி சொன்னவர் லிலியஸ் என்ற இத்தாலிய வைத்தியர். நூறால் வகுபடும் வருஷம் லீப் அல்ல, நானூறால் வகுபட்டால் மட்டும் லீப். 1600 உண்டு, 1700, 1800, 1900 இல்லை, 2000 உண்டு. மொரார்ஜியின் பாயசத்தைக் கொட்டிய சீட்டு இதுதான். சீட்டெழுதியவர் திட்டம் நிறைவேறும் முன்பே 1576இல் இறந்துவிட்டார். பெயர் முழுக்கப் போப் பதின்மூன்றாம் கிரிகோரிக்குப் போனது. கதை ஒருவர், டைட்டிலில் வேறொருவர் என்பது கோடம்பாக்கம் கண்டுபிடித்த விஷயம் இல்லை.

சேர்ந்துபோன பத்து நாளை என்ன செய்வது? கிழித்துப்போடு என்றார் போப். 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமை படுத்தவர்கள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை எழுந்தார்கள். சிவகாசி தினசரி காலண்டர் அன்று இருந்திருந்தால் பத்துத் தாளை ஒரே கிழியாகக் கிழித்திருக்க வேண்டும். பத்து நாள் ராகு காலம், பத்து நாள் எமகண்டம் எல்லாம் ஒரே இரவில் காலி. ஸ்பெயினில் அவிலா நகரத்துத் தெரேசா உயிர்விட்டது சரியாக அந்த இரவில். நாலாம் தேதி இறந்தவருக்குப் பதினைந்தாம் தேதி அடக்கம், இடையில் ஒரு நாள்கூடத் தாமதமில்லை. அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15.

கத்தோலிக்க நாடுகள் கிழித்தன. போப் சொல்லி நாங்கள் கிழிப்பதா என்று புராட்டஸ்டண்ட் நாடுகள் முறுக்கிக்கொண்டன. இங்கிலாந்தின் முறுக்கு 170 வருஷம் நீடித்தது. அதற்குள் ஐரோப்பாவில் யார் எப்போது பிறந்தார், யார் எப்போது செத்தார் என்பதே குழம்பிவிட்டது. கலிலியோ இறந்த வருஷம் நியூட்டன் பிறந்தார் என்று அறிவியல் மேடைகளில் உருகுவார்கள், ஆன்மா ஒன்று கூடுவிட்டுக் கூடு பாய்ந்ததுபோல. கலிலியோ இறந்தது இத்தாலியக் கணக்கில் 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது இங்கிலாந்துக் கணக்கில் 1642 கிறிஸ்துமஸ் அன்று. இரண்டையும் இத்தாலியக் கணக்கில் வைத்தால் நியூட்டன் 1643 ஜனவரி 4க்குத் தள்ளிப்போவார். இரண்டையும் பழைய கணக்கில் வைத்தால் கலிலியோ 1641 டிசம்பரிலேயே போய்விடுவார். எப்படிப் போட்டாலும் ஒரே வருஷம் வராது. இரண்டு தராசில் நிறுத்தால்தான் வரும். ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 என்ற ஒரே தேதியோடு உலகப் புத்தக தினத்தில் நினைக்கப்படுகிறார்கள். அவர் இங்கிலாந்துத் தேதிக்காரர், இவர் ஸ்பெயின் தேதிக்காரர். செர்வாண்டிசைப் புதைத்துப் பத்து நாள் கழித்துத்தான் ஷேக்ஸ்பியர் இறந்தார்.

ஸ்வீடன்தான் என் அபிமான நாடு. நாளை ஒரேயடியாகக் கிழித்தால் ஜனங்களுக்கு அதிர்ச்சி, 1700 முதல் நாற்பது வருஷத்துக்கு லீப் நாளையே விட்டுவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று மாதத் தவணைத் திட்டம் மாதிரி ஒன்று போட்டார்கள். 1700இல் விட்டார்கள். அதோடு ரஷ்யாவோடு போர் மூண்டது. 1704இல் விட மறந்தார்கள், 1708இலும் மறந்தார்கள். ஸ்வீடன் இப்போது பழைய காலண்டரிலும் இல்லை, புதியதிலும் இல்லை. உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத தேதியில் தன்னந்தனியாக நின்றது. வெறுத்துப்போய்ப் பழையதற்கே திரும்பினார்கள். அதற்காக 1712இல் பிப்ரவரிக்கு 30 நாள் கொடுத்தார்கள். அன்று பிறந்த குழந்தை எதுவானாலும் அதன் ஜாதகத்தைக் கற்பனை செய்து பாருங்கள். மொரார்ஜிக்காவது எட்டு வருஷத்தில் பிறந்தநாள் வந்தது.

நம் கடற்கரையிலும் இந்தக் கூத்து நடந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் புதிய காலண்டர், சென்னையில் ஆங்கிலேயர்கள் பழைய காலண்டர். 1746இல் பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனே சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தது பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21, ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. தோற்றவர்கள் பதினோரு நாள் முன்னதாகவே தோற்றுவிட்டார்கள். அந்தச் சமயம் புதுச்சேரியில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் துரைமார் தேதியோடு அட்சய வருஷத்துப் புரட்டாசி என்று தமிழ்க் கணக்கையும் சேர்த்துப் போட்டு வைத்தார். எந்தத் துரை எந்தத் தேதியை மாற்றினாலும் பிள்ளைவாள் குறிப்பு பிசகாது.

இங்கிலாந்து ஒருவழியாக 1752இல் இறங்கி வந்தது. செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. "எங்கள் பதினோரு நாளைக் கொடு" என்று ஜனங்கள் கலவரம் செய்ததாக ஒரு கதை உண்டு. கலவரத்துக்கு ஆதாரமில்லை. ஹோகார்த் வரைந்த தேர்தல் கேலிச் சித்திரத்தில் அப்படி ஒரு பதாகை கிடக்கிறது. பின்னால் வந்தவர்கள் அதைச் செய்திப் புகைப்படமாக எடுத்துக்கொண்டார்கள். இந்தக் காலத்தில் மீம்ஸைப் பார்த்து வரலாறு பேசுகிறவர்களுக்கு அவர்கள்தான் முன்னோர். ரஷ்யா 1918 வரை அசையவில்லை. அதனால் அவர்களுடைய பிப்ரவரிப் புரட்சி நமக்கு மார்ச் 8, அக்டோபர் புரட்சி நமக்கு நவம்பர் 7. லெனின் காலண்டரை மாற்றியபோது ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14. புரட்சி முடிந்து கண்விழித்தால் காதலர் தினம்.

நாம் மட்டும் யோக்கியமா? பஞ்சாங்கம் கணக்கிடும் சூரிய வருஷம் பருவ வருஷத்தைவிட 24 நிமிஷம் நீளம். அறுபது வருஷத்தில் ஒரு நாள் நழுவுகிறது. பிரபவ முதல் அட்சய வரை ஒரு முழுச் சுற்று முடிந்தால், அறுபதாம் கல்யாணத்துக்கு மொய் எழுதுவதுபோல் சூரியன் ஒரு நாளை எழுதிவிட்டுப் போகிறது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 22 வாக்கில்; நாம் உத்தராயணம் என்று பொங்கல் வைப்பது ஜனவரி நடுவில். மேகநாத் சாகா தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து இதையெல்லாம் ஆராய்ந்தது. 1957இல் தேசியக் காலண்டரும் வந்தது. அது அரசிதழின் தலைப்பில் பத்திரமாக இருக்கிறது. தமிழ்ப் புத்தாண்டு 2008இல் சட்டப்படி தை முதல் நாளுக்குப் போய், 2011இல் சட்டப்படி சித்திரைக்குத் திரும்பியது. சீசர் உயிரோடிருந்தால் ரசித்திருப்பார்.

பூசாரிகள் வேலை இப்போது கணினிக்காரர்களிடம் வந்திருக்கிறது. 2008 லீப் வருஷத்தின் 366ஆம் நாளில் மைக்ரோசாஃப்டின் சூன் பாட்டுப்பெட்டிகள் ஏராளமாக உறைந்துபோயின. 366 என்றதும் அவற்றுக்குள்ளிருந்த நிரல் கிறுகிறுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தது. புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்குப் பாட்டில்லை. நிறுவனம் சொன்ன பரிகாரம்: நாளை வரை பொறுங்கள், தானாகச் சரியாகும். நம் ஊர் ஜோசியர்கள் சொல்வதும் இதைத்தான், அவர்கள் தட்சணை கேட்பார்கள்.

கடைசியாக, அந்தத் தொலைந்துபோன பிப்ரவரி 29. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய கணக்குத்தாள் மென்பொருள் 1900ஐ லீப் வருஷம் என்று எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த எக்செல், லோட்டஸ் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டுமே என்று அந்தத் தப்பைத் தெரிந்தே வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் உங்கள் அலுவலகக் கணினியில் 1900 பிப்ரவரி 29 என்று அடித்தால் எக்செல் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். போப் பிடுங்கியதைப் பில் கேட்ஸ் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாலு வயது மொரார்ஜிக்குப் பாயசம் உண்டு. ஆனால் எக்செலுக்கு 1900க்கு முந்தைய தேதி எதுவுமே தெரியாது. 1896 பிப்ரவரி 29 என்று அடித்துப் பாருங்கள், அப்படி ஒரு தேதி இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. பிறந்தநாள் வந்துவிட்டது, பையன்தான் இன்னும் பிறக்கவில்லை.